கேரியரைப் பிடித்த கைகள்

பொழுது சாய்ந்தால் அரிக்கேன் விளக்கைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு போட்டு, பழைய வேட்டித் துணியைச் சுருட்டிவிட்டுத் துடைக்கிற வேலை உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெண்பிள்ளைக்குத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு. சின்னக் கைதான் கண்ணாடிக்குள் நுழையும் என்று ஆறேழு வயசில் என்னிடம் வந்த வேலை, கை பெரிசான பிறகும் போகவில்லை. திரியை நேராக வெட்ட வேண்டும். கோணலாகப் போனால் ஒரு பக்கம் புகை ஏறி, துடைத்ததெல்லாம் வீண். விரலில் ஏறிய மண்ணெண்ணெய் வாடை ராத்திரிச் சோற்றிலும் இருக்கும். அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு நான் வாசலைத் தாண்டுவேன் என்று மட்டும் வீட்டில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டைக்கு மேற்கே, குடுமியான்மலைப் பக்கம். செம்மண்ணும் பாறையும் தைலமரமும்தான். கண்மாய் நிறைந்தால் நெல்லு. அரைக் கண்மாய் என்றால் கடலை. அதுவும் இல்லாத வருஷம் கல்லுடைக்கப் போக வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கல்லுடைக்கப் போனவர்கள் காலனிப் பெண்கள். தூக்குவாளியில் நீச்சத்தண்ணியும் ரெண்டு வெங்காயமுமாக விடிகாலையில் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆமாம், சுற்றிக்கொண்டுதான். நேராகப் போகிற பாதை எங்கள் தெரு வழியாக இருந்தது. திரும்பி வரும்போது புருவமெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், கல்லுமாவு. சின்ன வயசில் அவர்களெல்லாம் ஒரே நாளில் கிழவியாகி வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

1991-ல், எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் வந்தது. வேனில் வந்து இறங்கிய கலாஜாதாக்காரர்கள் மந்தையில் பறையடித்து நாடகம் போட்டார்கள். அறிவியல் இயக்கத் தோழர்களும் வாத்தியார்மார்களும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்துச் செய்த வேலை அது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத். கலெக்டர் என்றால் மீசை வைத்த ஆள் என்று இருந்த ஊரில், சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கி, நேராகப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்து போனவர். அப்பாயி, அப்பாவின் அம்மா, வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தது. “தரையில உக்காந்துச்சு அந்தப் புள்ள. எங்கூடப் பேசுச்சு.”

பிளஸ் டூ முடித்துவிட்டு மாப்பிள்ளை வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளைத் தொண்டர்களாகக் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாயிதான் பேசியது. “நம்ம தெருவுக்குள்ளதானப்பா. இருட்டுறதுக்குள்ள வந்துரும்.” இருட்டின பிறகுதான் வகுப்பே தொடங்கும் என்பது அப்பாயிக்கு நன்றாகத் தெரியும்.

ராத்திரி எட்டு மணி. அடுப்பை அணைத்து, ஆம்பளைகளுக்குச் சோறு போட்டு, தாங்கள் தின்றும் தின்னாமலும் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து சேர்வார்கள். மடியில் பிள்ளை, கையில் சிலேட்டு. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு வாடை, தலையில் வைத்த கதம்பம் வாடுகிற வாடை, வெற்றிலை, பால் வாடை, எல்லாவற்றுக்கும் மேலே மண்ணெண்ணெய். பெண்கள் ராத்திரியில் தெருவில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. திருவிழாவில்கூட அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், இல்லை பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்பாயியின் கட்டைவிரல் பற்றிச் சொல்ல வேண்டும். சொசைட்டியில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் ஊதா மையில் அமுக்கி வாங்குவார்கள். உருட்டிவிட்டவுடன் அப்பாயி அந்த விரலைக் கொண்டைக்குள் விட்டுத் தேய்த்துக்கொள்ளும். ஊரில் எல்லாக் கிழவிகளும் அப்படித்தான், மையைத் தலைமுடியில் துடைப்பார்கள். தாய்வீட்டில் கொடுத்த அரைக் காணி நிலம் அப்படி உருட்டிய ஒரு கைநாட்டில்தான் கைவிட்டுப் போயிருக்கிறது. எந்த நாள், எந்தக் காகிதம் என்றுகூட அதற்குத் தெரியாது. வகுப்புக்கு வந்த அப்பாயி அ, ஆவில் ஆர்வம் காட்டவே இல்லை. “எம் பேர மட்டும் எழுதிக் காட்டு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றது. அதன் பேரில் ஒரு ‘ளை’ வரும். அந்த இணைக்கொம்போடு அப்பாயி பட்ட பாடு! நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்து எழுதுவேன். களை வெட்டிக் காய்ந்த கை, பலகையைக் கீறிவிடும் அளவுக்கு அழுத்தும். அடுத்த மாசம் சொசைட்டியில் மைப்பெட்டியை நீட்டியவரிடம், “பேனாவக் குடுங்க தம்பி” என்று கேட்டு வாங்கி, வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழக்கும்வரை நிதானமாக எழுதியது. வழியெல்லாம் கட்டைவிரலை என்னிடம் காட்டிக்கொண்டே வந்தது. சுத்தமாக இருந்தது.

சைக்கிள் அதற்குப் பிறகு. வகுப்பு வகுப்பாக அலைகிற பெண் தொண்டர்கள் பஸ்ஸை நம்ப முடியாது, அண்ணன் தம்பியை எதிர்பார்த்து நிற்க முடியாது என்று இயக்கத்தில் பேசி, பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையே ஒரு வேலையாக எடுத்தார்கள். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த பெரிய சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள். அதுவே வசதி என்றும் சொன்னார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் குடம் கட்டலாம்.

எங்களுக்கு வாடகை சைக்கிள்தான். முக்கு ரோட்டில் டீக்கடையை ஒட்டிய கடை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டு வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார். மணிக்கு ஒரு ரூபாய். பழுப்பேறிய நோட்டில் நேரமும் பேரும் எழுதுவார். “யாரு வூட்டுப் பிள்ளை?” என்று கேட்டு அப்பா பேரைத்தான் எழுதுவது அவர் வழக்கம். அப்பாவின் தங்கையான என் அத்தை முதல் நாள் போனபோது அவர் அத்தை வீட்டுக்காரர் பேரை எழுதிக்கொண்டார். அத்தை நோட்டைத் திருப்பிப் பார்த்து, எழுத்துக்கூட்டி, “ஓட்டப் போறது நானுங்க. எம் பேரப் போடுங்க” என்றது. அவர் அடித்துவிட்டு எழுதினார். நல்ல மனுஷன். பிறகு யார் வந்தாலும் அவரே “ஒம் பேரு என்னத்தா?” என்று கேட்க ஆரம்பித்தார். அந்த நோட்டின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் பேர்களாகவே இருந்த நாள் ஒன்று உண்டு. கிரீஸ் கறை படிந்த அந்தப் பக்கத்தை எடுத்து வைக்கவேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றும்? அங்கே இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது.

பழகினது கண்மாய்க்குள். தண்ணீர் வற்றிக் கிடந்த வருஷம். தெருவில் பழகினால் இளந்தாரிகள் சீட்டியடிப்பார்கள், அதனால் கரைக்கு அந்தப் பக்கம். காலனிப் பெண்களும் அங்கேதான் வந்தார்கள். அறிவொளி வகுப்பு எங்கள் ஊரில் ரெண்டு இடத்தில் நடந்தது, எங்கள் தெருவுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்குள் தெரு கிடையாது. இருந்த சைக்கிள்களும் ரெண்டோ மூன்றோதான். முதலில் ஓட்டப் பழகினதும் அவர்கள்தான், சம்மட்டி பிடித்த தோள் ஹேண்டில்பாரை ஆடவிடாது. எனக்குப் பிடித்துக்கொடுத்தது குவாரியில் ஜல்லி உடைக்கிற ஓர் அக்கா. அதுவரை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காராத, எங்கள் சொம்பில் தண்ணீர் குடிக்காத அக்கா. கேரியரை ஒரு கையாலும் என் இடுப்பை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவரும். “கீழ பாக்காத! கீழ பாத்தா கீழதான் விழுவ. கரையில நிக்கிற பனையப் பாரு!”

பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்தது. கறுப்பு மை ஓரம் முழுக்க. சீயக்காய் போட்டாலும் போகாது, அரப்பு போட்டாலும் போகாது. முட்டியில் தோல் உரிந்தால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்துவிடுவார்கள். சுரீர் என்கிற எரிச்சலும் அந்தப் பச்சை வாடையும். சேலை கட்டினவர்கள் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகி, கொசுவத்தைத் தூக்கி முடிந்துகொள்வார்கள். கணுக்கால் தெரியும். அதை வைத்து டீக்கடையில் என்னென்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. வயிறு கெட்டுப்போகும், கர்ப்பப்பை இறங்கிவிடும், கல்யாணம் ஆகாது. சொன்னவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுப் பெண்கள் ரெண்டு மைல் தண்ணீர்க் குடம் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். குடத்தால் இறங்காத கர்ப்பப்பை சைக்கிளால் எப்படி இறங்கும் என்று அத்தை கேட்டது. அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் அசைந்து கொடுத்தது என்று நினைக்கிறேன். அத்தனை வருஷம் ஊர் சொன்னதை ஒரு கேள்வி கேட்டு நிறுத்திவிட முடிகிறது!

ஒருநாள் அந்த அக்கா ஓடிவருகிற சத்தம் பின்னால் கேட்கவில்லை. எப்போது விட்டது என்று தெரியாது. பனைமரம் மட்டும் நெருங்கி வருகிறது. பிரீவீலின் டிக் டிக் சத்தமும் காதில் காற்றும்தான். வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது, பாய்கூடத் தங்கச்சியோடு பங்கு. நான் ஒருத்தியே இருக்கிற இடம் என்று ஒன்று எனக்கு வாய்த்தது அந்தச் சீட்டின் மேல்தான். அதைக் கொடுத்ததும் என்னைத் தனியாக விட்டவர்கள் இல்லை, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். பின்னால் படித்த புத்தகங்களில் இதைத் தேடியிருக்கிறேன். அங்கங்கே கிடைத்திருக்கிறது.

பிறகு எங்கு பார்த்தாலும் சைக்கிள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டைப் பாடாத கிராமம் இல்லை. நாற்று நடும்போது பாடினார்கள், தாலாட்டுக்கும் அதையே பாடினார்கள். கடலை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அத்தையே சந்தைக்குப் போய் விலை பேசியது. வரும்போது கையில் மல்லிகைப்பூ, தனக்குத் தானே வாங்கியது. குவாரிகளையும் அந்தக் காலத்தில் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கூலிக்குக் கல்லுடைத்த அக்காக்கள் லாரிக்காரரிடம் கணக்கு எழுதி வாங்கினார்கள். பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அறிவொளி வாசிப்புக்கு வந்த சின்னப் புத்தகங்களில்தான் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்தேன். 1886-ல் எங்கள் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் போய்ச் சேர்ந்த பெண். 1912-ல் டாக்டர். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் பட்ட பாடு, அடையாறில் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை... பஸ்ஸில் அந்தக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் அப்பா ராஜா காலத்துக் கதைகள் சொல்லியிருக்கிறார். இவர் கதையை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ ஒரு பயிற்சி முகாமில் கைக்கு வந்தது. அட்டை கிழிந்த புத்தகம், பலர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டே படித்தேன். அம்மா, “என்னடி அது?” என்று கேட்டபோது ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை இறக்கிவிட்டு, “அடுத்த பக்கம் என்ன போட்டிருக்கு?” என்றது.

இந்தச் சமயத்தில்தான் பட்டா பாடத்தை மறுபடி எடுத்தேன். அறிவொளிப் புத்தகத்தில் முதலிலேயே வருகிற சொல். நிலம் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒருபோலப் புரிகிற சொல் என்பதால் எழுத்தோடு பேச்சும் வளரும். அன்றைக்குச் சட்டம் பற்றிச் சொன்னேன். பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருஷம் கழித்து, 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் உண்டு. மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமாகிப் போன பெண்களுக்கு மட்டும் இல்லை.

அத்தை சிலேட்டைக் கீழே வைத்தது. “அப்ப ஒனக்கு உண்டு?”

“உண்டு அத்தை.”

“எனக்கு?”

நான் என்ன சொல்ல? கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு பெண், “அப்ப எனக்கும் இல்லையா?” என்றாள். அதற்குப் பின்னால் இருந்து ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. தேதியைச் சொல்லி, வருஷத்தைச் சொல்லி, யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று விரல்விட்டு எண்ணினார்கள். விளக்கு அணைந்தும் யாரும் எழுந்து போகவில்லை. இருட்டில் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது தொண்டையை அடைத்தது. நான் இனி என்ன ஆளாக இருப்பேன் என்பதை அந்த ராத்திரிதான் முடிவு செய்தது.

1992 மகளிர் தினத்துக்குப் புதுக்கோட்டை டவுனுக்குப் போனோம். ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1500-க்கும் மேற்பட்ட பெண்கள். கீழராஜவீதியில் கடைக்காரர்கள் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாயியை அத்தை கேரியரில் வைத்து மிதித்தது. கிழவி ஒரு கையால் அத்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாடியில் நின்றவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தது. எனக்குப் பிடித்துக்கொடுத்த குவாரி அக்கா எங்களுக்கு முன்னால், பாரில் தன் மகளோடு. மாவட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இப்படிப் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவர் எழுதிய அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்தில் ரொம்ப வருஷம் இருந்தது. வடக்கே பிள்ளைகள் எங்கள் ஊர்க் கதையைப் படித்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

குவாரியில் இப்போது தண்ணீர் நிற்கிறது, பச்சையாக. குத்தகைகள் சில வருஷத்தில் கைமாறிப் பழைய ஆட்களிடமே போய்ச் சேர்ந்தன. எங்கள் ஊரில் கடைசியாக சைக்கிள் மிதித்த பெண் யார் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டி எல்லா வீட்டிலும் நிற்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சந்தோஷமான விஷயங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். என் மகள் ஸ்கூட்டி பழகியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிரைவிங் ஸ்கூல்காரரோடு. யாரும் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கிறாள். பெண்ணுரிமை பற்றி என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறாள், என்னைவிட அதிகம் படித்திருக்கிறாள். ஆபீசில் ஒருத்தன் தொந்தரவு கொடுத்ததை ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போனில் சொல்கிறாள். “பக்கத்து சீட்டுப் புள்ளைகிட்டச் சொன்னியாம்மா?” என்றால், “அவங்கவங்களுக்கு ஆயிரம் பிரச்சினைம்மா” என்கிறாள். பிள்ளையார் கோயில் முன்னால் ராத்திரி எட்டு மணிக்கு இப்போது டியூப்லைட் எரிகிறது. அதற்குக் கீழே யாரும் இல்லை. கதவுக்குக் கதவு ஒரே சீரியலின் சத்தம்.

அப்பாயி போய்விட்டது. ஓய்வூதியப் புத்தகத்தில் அதன் கையெழுத்து இருக்கிறது, ‘ளை’ கடைசிவரை கொஞ்சம் சாய்ந்தே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் தாத்தா இருக்கும்போதே பாகம் பிரித்தார்கள். என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பங்கு எழுதினால் போடுகிறேன் என்றேன். கிணற்றடிப் புஞ்சை எனக்கு வந்தது. அத்தைக்கு ஒன்றுமில்லை. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திக் கல்யாணமான பெண்களையும் சேர்த்தபோது ஓடிப்போய் விசாரித்தேன். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது என்றார் வக்கீல். வீட்டுக்கு வந்து அத்தையிடம், என் புஞ்சையில் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன்.

“நீ ஏண்டி ஒன்னுதக் குடுக்கிற?” என்று கோபமாகவே கேட்டது அத்தை. “எங்கப்பன் சொத்துல எம் பங்க எங்கண்ணன்ல குடுக்கணும்?”

அப்பா கடைசிவரை கொடுக்கவில்லை. அத்தையும் விடவில்லை. தை மாசம் பொங்கல் சீர் கொண்டுவந்து இறக்குவார் அப்பா, பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. அத்தை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சம்பந்திமார், பங்காளிமார் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்கும்:

“சீரு வந்துருச்சு. பங்கு எங்கண்ணே?”